வியாழன் இல்லாத கடை

தீபாவளிக்கு இரண்டு நாள் இருக்க
சூலியா தெரு அடகுக் கடையில்
நாலு இருபதுக்கு
எல்லாத் திரையும் ஒன்றாய்க் கறுத்தன.
மின்னல் என்றார் மிஸ்டர் சியா.
வட்டு என்றேன் நான்.
இரண்டும் இருக்கலாம்.
பினாங்கு மழை யாருக்கும் சாட்சி சொல்வதில்லை.

பெட்டி ஒன்றுதான்.
அதற்குள் உடல் இல்லாத மூன்று கணினிகள்.
ஒன்று முகப்பில் ரசீது போடும்,
ஒன்று கணக்கை வைத்திருக்கும்,
ஒன்று தவணை நெருங்கியவர்களுக்குக்
குறுஞ்செய்தி அனுப்பிக்கொண்டே இருக்கும்.
மூன்றுக்கும் இரவு பதினொன்றுக்கு
நகல் எடுக்க ஏற்பாடு செய்தவள் நான்.
பச்சையில் 'வெற்றி' என்று
நானூறு இரவுகள் மின்னஞ்சல் வந்தது.
ஒரு நகலையும் நான் எழுப்பிப் பார்த்ததில்லை.

புதன் இரவின் நகலை எழுப்பினேன்.
எழுந்தது, இருபத்திரண்டு நிமிடத்தில்.
கடைப் பெயர் வந்தது.
சியா மகளின் பட்டமளிப்புப் படம்கூட
திரையில் அதே இடத்தில் வந்து நின்றது.
கணக்கு வரவில்லை.

எக்ஸ்ரே அறையில் சொல்வார்களே,
மூச்சை இழுங்க, அப்படியே பிடிங்க.
அதைச் சொல்லாமல் எடுத்த படம்.
பதினொன்றுக்குத்தான் அங்கே வட்டி ஓடும்.
ஓடுகிற வட்டியை நான்
ஓட ஓடப் பிடித்திருக்கிறேன்:
பாதி எழுதிய எண்கள்,
ஒரு காலைத் தூக்கியபடி.

செவ்வாயும் அப்படி. திங்களும்.
ஞாயிறு வட்டிக்கு விடுமுறை என்பதால்
ஞாயிறு மட்டும் அசையாமல் கிடந்தது.
அதன்மேல் மூன்று நாள் பதிவுக் கோப்புகளை
வரி வரியாய் ஓட்டி முடிக்கையில்
மணி இரண்டரை.
"பொலே?" என்றார் சியா.
"பொலே. புதன் வரைக்கும்."

அவர் தொழிலுக்கும் என் தொழிலுக்கும்
தமிழில் ஒரே சொல்: மீட்பு.
மலாயில் நகைக்கு ஒன்று, கணினிக்கு வேறொன்று.
அதை அவருக்கு விளக்கப் போய் பாதியில் விட்டேன்.
அவர் கோப்பி-ஓவை என் பக்கம் நகர்த்திவிட்டு,
மாதம் ஒரு முறை பெட்டகத்தைத் திறந்து
ஒவ்வொரு மோதிரத்தையும் கையில் எடுத்து எண்ணுவேன்,
புத்தகத்தை நம்பினால் கடையை மூட வேண்டியதுதான் என்றார்.
என்னைச் சொன்னாரா என்று தெரியவில்லை.

வியாழனுக்கு நகல் இல்லை.
ஆணியில் குத்திய காகிதம் இருந்தது, முப்பத்தெட்டு.
அவர் வாசிக்க நான் பதிந்தேன்.
பத்தொன்பதாவதில் விடிந்துவிட்டது.
அப்போதுதான் பார்த்தேன்,
எழுப்பும்போது வலைக் கம்பியைக் கழற்ற மறந்திருந்தேன்.
எழுந்ததும் மூன்றாவது கணினி
இன்னும் புதன்தான் என்று நினைத்து,
தூக்கத்தில் இருந்த அறுபத்தொரு பேருக்குச்
செய்தி அனுப்பியிருந்தது.

எட்டரைக்கு இரும்புக் கதவைத் தட்டினாள்
பூங்கோதை, த/பெ சன்னாசி.
கழுத்தில் சங்கிலி, கையில் போன்.
"நேத்துத்தானே கட்டினேன்?
திரும்பவும் மீட்கணுமா?"

திரையில் பார்த்தேன்.
சங்கிலி, இருபத்து நாலு கிராம்,
பெட்டகம், தட்டு ஏழு.
சியா திரையைப் பார்த்தார்,
அவள் கழுத்தைப் பார்த்தார்,
பிறகு நிதானமாக என்னைப் பார்த்தார்.

இருபதாவதை ஒதுக்கிவிட்டு
அவளுடைய சீட்டைத் தேடி எடுத்துப் பதிந்தேன்.
"இப்ப?" என்றாள்.
"இப்ப உங்ககிட்டதான் இருக்கு."
விரலால் சங்கிலியை ஒரு முறை தொட்டுப் பார்த்தாள்.
"எதுக்கும் ஒரு ரசீது குடுங்க."

அச்சுப்பொறி முனகத் தொடங்கியது.
அவளுக்குப் பின்னால், ஈரமான நடைவழியில்,
இன்னும் நாலு பேர்,
கையில் போனோடு.